விமானங்களுக்கும் உண்டு மறுநடவு

கெடா மாநிலத்தில் பீடோங், பாடாங் செராய், கூலிம், பாலிங் ஆகிய வட்டாரங்களின் தோட்டச் சாலைகளில் ஒரு காட்சி அடிக்கடி கண்ணில் படும். சாலையின் ஒரு புறம் முதிர்ந்த மரங்கள் வரிசையாக நிற்கும். மறுபுறம் அதே தோட்டத்தின் வேறொரு பகுதியில் மரங்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டு, முழங்கால் உயரக் கன்றுகள் நடப்பட்டிருக்கும். தோட்ட மக்கள் இதை மறுநடவு என்பர். பால்மரமாயினும் செம்பனையாயினும், ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டுகளில் அதன் பயன் குறையத் தொடங்குகிறது. மரம் பட்டுப்போவதில்லை, சீவினால் பால் இன்னும் வரும். ஆனால், அந்தப் பாலுக்காகச் செலவிடும் கூலியும் நேரமும் கட்டுப்படியாகாது. எனவே நிர்வாகம் மரத்தை வெட்டுகிறது. எந்த நிர்வாகமும் தோட்டம் முழுவதையும் ஒரே ஆண்டில் வெட்டிவிடாது. பகுதி பகுதியாக வெட்டி, பகுதி பகுதியாக நடும். அதனால்தான் தோட்டத்திற்கு வயதாகிறது என்று சொல்ல முடிவதில்லை. மரங்களுக்கு மட்டுமே வயதாகிறது.

விமான நிறுவனங்களும் இவ்வாறே இயங்குகின்றன. ஒரு நிறுவனம் இயக்கும் விமானங்கள் அனைத்தையும் சேர்த்து விமான அணி என்பர். மலேசியா ஏர்லைன்ஸ் அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பறந்துவருகிறது. எனினும், அந்நிறுவனம் தொடங்கிய நாளில் பறந்த விமானங்களுள் ஒன்றுகூட இன்று அதன் அணியில் இல்லை. விமானங்கள் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. ஏன் மாறுகின்றன, எப்போது மாற்ற வேண்டும் என்பன எளிய வினாக்கள் அல்ல. அவற்றுக்குத் தவறான விடை கண்டதால் உலகில் பல நிறுவனங்கள் மூடப்பட்டுள்ளன.

கெடா மாநிலத்திற்கும் விமானத்திற்கும் உள்ள தொடர்பு பலரும் எண்ணுவதைவிடப் பழமையானது. 1930களில் ஐரோப்பாவிலிருந்து கீழ்த்திசை நோக்கிப் பறந்த விமானங்களுக்கு அலோர் ஸ்டார் ஒரு தங்குமிடம். நெதர்லாந்தின் கேஎல்எம் நிறுவனம் ஆம்ஸ்டர்டாமிலிருந்து பத்தாவியா, அதாவது இன்றைய ஜாகர்த்தா, வரை நடத்திய சேவையில் பேங்காக்கை அடுத்து அலோர் ஸ்டாரில் இறங்கியது. பிரிட்டனின் இம்பீரியல் ஏர்வேஸ் 1933ஆம் ஆண்டின் இறுதியில் சிங்கப்பூர்வரை தன் சேவையை நீட்டித்தபோது அதுவும் இவ்வழியே வந்தது. அவ்விமானங்களால் ஒரே மூச்சில் நெடுந்தூரம் பறக்க இயலாது. ஆகவே, வழிநெடுக இறங்கி எண்ணெய் நிரப்பிக்கொண்டு செல்ல வேண்டியிருந்தது. பின்னாளில் எண்ணெய்க் கலன் பெரிதாகி, இயந்திரம் வலுவடைந்ததும் இடைநிறுத்தங்கள் தேவையற்றுப் போயின. லண்டன் செல்லும் விமானம் இன்று அலோர் ஸ்டாரில் இறங்குவதில்லை. விமானம் மாறும்போது ஊர்களின் முக்கியத்துவமும் மாறுகிறது என்பதற்கு இவ்வூரே சான்று.

இன்றைய மலேசியா ஏர்லைன்சின் வேர் 1937இல் பதிவு செய்யப்பட்ட மலாயன் ஏர்வேஸ் நிறுவனத்தில் உள்ளது. பதிவு செய்து பத்தாண்டுகள் கழித்தே அது பறக்கத் தொடங்கியது. இடையில் உலகப்போர் வந்துவிட்டது. 1947இல் சிங்கப்பூர், கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு ஆகிய ஊர்களை இணைத்து அதன் முறையான சேவை தொடங்கியது. அதற்குப் பயன்பட்டது ஏர்ஸ்பீட் கான்சல் என்னும் இரட்டை இயந்திரச் சிறு விமானம். அதில் ஐந்து பயணிகளே அமரலாம். அதே ஆண்டிலேயே டிசி-3 விமானங்கள் வந்து சேர்ந்தன. போர்க்காலத்தில் படைவீரர்களையும் தளவாடங்களையும் சுமந்த அந்த வகை, போர் முடிந்ததும் உலகெங்கும் மலிவாகக் கிடைத்தது. கரடுமுரடான ஓடுதளத்திலும் அது இறங்கும். 1960களில் ஃபோக்கர் எஃப்27 என்னும் சுழலிவிசிறி விமானம் டிசி-3இன் இடத்தைப் பிடித்தது. நாற்பது பேரளவில் ஏற்றிச் செல்லும் அது, குறுகிய ஓடுதளம் கொண்ட சிறு நகரங்களுக்கு மிகவும் ஏற்றதாக இருந்தது.

மலேசியாவும் சிங்கப்பூரும் பிரிந்த பின்னரும் சில ஆண்டுகள் இரு நாடுகளும் ஒரே விமான நிறுவனத்தை நடத்தின. மலேசியா சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் என்ற அந்நிறுவனம் 1972ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளில் இரண்டாயிற்று. சொத்தைப் பிரித்துக்கொண்ட முறை கவனிக்கத்தக்கது. சிங்கப்பூருக்கு வெளிநாட்டு வழித்தடங்களே முக்கியம். எனவே போயிங் ஜெட் விமானங்கள் அதன் பங்காயின. மலேசியாவுக்கு உள்நாட்டு ஊர்களை இணைப்பதே முதற்கடமை; எனவே ஃபோக்கர் விமானங்களும், சபா, சரவாக் உட்பகுதிகளுக்குப் பறந்த ஐலண்டர் என்னும் சிறு விமானங்களும் அதற்குக் கிடைத்தன. ஜெட் வேண்டுமென்றால் புதிதாக வாங்க வேண்டும். புதிய போயிங் 737-200 விமானங்களுடன் மலேசியன் ஏர்லைன் சிஸ்டம், சுருக்கமாக மாஸ், தன் பயணத்தைத் தொடங்கியது.

அதற்குப் பிந்தைய இருபத்தைந்து ஆண்டுகள் வளர்ச்சியின் காலம். 1976இல் டிசி-10 வந்தது. ஐரோப்பிய வழித்தடங்களிலும் அது பறந்தது. 1982இல் போயிங் 747 வந்தது. இதே காலப்பகுதியில் தமிழர்களின் பயணமுறையும் தலைகீழாக மாறியது. ஒரு காலத்தில் நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறி, ஒரு வார அளவு கடலில் கழித்து, பினாங்கில் இறங்கி, அங்கிருந்து கெடாத் தோட்டங்களுக்கு வந்தவர்கள் பலர். ‘ரஜூலா’ என்னும் கப்பலின் பெயர் பழைய தோட்டக் குடும்பங்களில் இன்றும் நினைவில் இருக்கிறது. அதற்குப் பின்வந்த ‘சிதம்பரம்’ கப்பல் 1985 பிப்ரவரியில் தீ விபத்துக்குள்ளானது. அத்துடன் அந்தப் பயணியர் கப்பல் சேவையும் முடிவுற்றது. அதன்பின் ஊருக்குப் போய்வர விமானமே வழி. கோலாலம்பூரிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம். கப்பல்களின் வரலாறும் ஒரு வகையில் அணி மாற்றத்தின் வரலாறுதான். அங்கே மாறியது ஒரு கப்பலுக்குப் பதில் இன்னொரு கப்பல் அன்று, பயண முறையே மாறியது.

1990களின் இறுதியில் மாஸ் அணியில் போயிங் 737, 747, 777, ஏர்பஸ் ஏ330, ஃபோக்கர் 50, ட்வின் ஓட்டர் எனப் பல வகைகள் ஒரே சமயத்தில் இருந்தன. 1997 ஏப்ரலில் மாஸ் பெற்ற முதல் போயிங் 777-200இஆர் விமானம், அமெரிக்காவின் சியாட்டல் நகரிலிருந்து கிழக்கு நோக்கிப் புறப்பட்டு, எங்கும் இறங்காமல் 20,044 கிலோமீட்டர் கடந்து கோலாலம்பூர் வந்தடைந்தது. எடுத்துக்கொண்ட நேரம் 21 மணி 23 நிமிடம். நிற்காமல் பறந்த தொலைவில் அது அன்றைய உலகச் சாதனை. எட்டு ஆண்டுகள் நிலைத்தது. அலோர் ஸ்டாரில் எண்ணெய் நிரப்பிச் சென்ற விமானங்களுக்கும் இதற்கும் இடையே அறுபது ஆண்டுகளே கடந்திருந்தன.

இனி, விமானம் எவ்வாறு முதுமை அடைகிறது என்பதைக் காணலாம். அதன் வயதை ஆண்டுகளால் மட்டும் அளப்பதில்லை. பறந்த மணிநேரம் ஓர் அளவு. ஏறி இறங்கிய எண்ணிக்கை மற்றோர் அளவு. இரண்டாவது அளவு ஏன் தேவைப்படுகிறது? பத்தாயிரம் மீட்டர் உயரத்தில் காற்று மிகவும் மெலிந்தது. மனிதர் மூச்சுவிட இயலாது. எனவே, உள்ளே காற்றழுத்தம் கூட்டப்படுகிறது. அப்போது விமானத்தின் உடற்பகுதி ஊதிய பலூனைப்போல் மிகச் சிறிதளவு விரிகிறது. தரையிறங்கும்போது மீண்டும் சுருங்குகிறது. ஒரு கம்பியைப் பலமுறை வளைத்து நிமிர்த்தினால் அது ஒரு கட்டத்தில் முறிகிறதல்லவா? அலுமினிய உலோகத்திற்கும் அந்த இயல்பு உண்டு. இதனை உலோகச் சோர்வு என்பர்.

கோலாலம்பூரிலிருந்து அலோர் ஸ்டாருக்கு ஒரு மணி நேரம். இத்தகைய குறுந்தொலைவு வழித்தடங்களில் ஓடும் விமானம் ஒரே நாளில் ஆறேழு முறை ஏறி இறங்கக்கூடும். லண்டனுக்குச் செல்லும் விமானமோ பதின்மூன்று மணி நேரத்திற்கு மேல் பறந்து ஒரே முறை இறங்குகிறது. ஆக, மணிக்கணக்கில் குறைவாகப் பறந்த சிறு விமானம், ஏற்ற இறக்கக் கணக்கில் முதியதாக இருக்கலாம். 1988 ஏப்ரலில் அமெரிக்காவின் ஹவாய்த் தீவுகளில் இவ்வுண்மை கொடுமையான முறையில் வெளிப்பட்டது. தீவுக்குத் தீவு குறுகிய தொலைவு பறந்துவந்த அலோஹா ஏர்லைன்சின் போயிங் 737 விமானமொன்றின் மேற்கூரை நடுவானில் பிய்த்துக்கொண்டு போயிற்று. பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். விமானிகள் எப்படியோ தரையிறக்கினர். அவ்விமானத்தின் வயது 19 ஆண்டுகள். ஆனால், அது 89,000 முறைக்கும் மேல் ஏறி இறங்கியிருந்தது. கடற்காற்றின் உப்பும் சேர்ந்து உலோகத்தை அரித்திருந்தது. அதன்பின் முதிய விமானங்களுக்கான சோதனை விதிகள் உலகெங்கும் கடுமையாக்கப்பட்டன.

முதிய விமானம் ஆபத்தானது என்று இதற்குப் பொருளன்று. முறையாகப் பேணப்பட்ட விமானம் முப்பது ஆண்டுகளும் பாதுகாப்பாகப் பறக்கும். ஆனால், பேணுவதற்கு ஆகும் செலவு ஆண்டுதோறும் ஏறுகிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை விமானத்தின் இருக்கைகள், தளம், உட்சுவர் அனைத்தையும் கழற்றி, உலோகத்தின் ஒவ்வொரு பகுதியையும் சோதிக்கும் பெரும் பராமரிப்பு நடைபெறும். அதற்கு வாரக்கணக்கில் நேரம் பிடிக்கும். விமானம் கொட்டகையில் நிற்கும் நாளெல்லாம் வருமானம் இல்லை. பல நிறுவனங்கள் இந்தப் பெரும் பராமரிப்பு நெருங்கும் வேளையில்தான் விமானத்தை விற்கின்றன. காரின் சாலை வரியும் பழுதுபார்ப்பும் ஒன்றாக வரும் மாதத்தில் அதை விற்றுவிட எண்ணும் குடும்பத்தின் கணக்கும் இதுவே.

எரிபொருளே அடுத்த காரணம். பெரும்பாலும் இதுவே முதன்மையானதும்கூட. எண்ணெய் விலையை நிறுவனத்தால் கட்டுப்படுத்த இயலாது. குறைவாகக் குடிக்கும் விமானத்தைத் தேர்ந்தெடுப்பது மட்டுமே அதன் கையில் உள்ளது. ஏர்பஸ் ஏ350 விமானத்தின் உடலில் பாதிக்கும் மேல் கரிம இழைக் கலவையால் ஆனது. அது அலுமினியத்தைவிட எடை குறைந்தது, துருப்பிடிக்காது. போயிங் 737 மேக்ஸ் விமானம், முந்தைய 737-800ஐவிட ஏறத்தாழ 14 விழுக்காடு குறைவான எரிபொருளில் பறக்கும் என்று தயாரிப்பு நிறுவனம் கூறுகிறது. ஆர்.ஆர்.ஐ.எம். 600 போன்ற ஒட்டுரகங்கள் வந்தபோது, பழைய விதைமரங்களை வைத்திருந்த தோட்டங்கள் எதிர்நோக்கிய நெருக்கடியும் இதைப் போன்றதே. அவற்றின் மரங்களில் எந்தக் குறையும் இல்லை. பக்கத்துத் தோட்டத்தின் மரம் கூடுதலாகப் பால் தந்தது, அவ்வளவுதான்.

அப்படியாயின் புதிய வகை வந்தவுடன் வாங்கிவிடலாமே எனத் தோன்றும். அதில்தான் சிக்கல். ஒவ்வொரு வகை விமானத்திற்கும் விமானிகள் தனிப் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்க வேண்டும். பொறியாளர்களும் அவ்வாறே. உதிரிபாகங்கள் தனி, பயிற்சிக்கான மாதிரி விமானி அறை தனி. வகைகள் கூடக்கூட இச்செலவுகளும் பெருகும். ஆறு வகை விமானங்களை வைத்திருக்கும் நிறுவனத்தில், ஒரு வகையின் விமானி மற்றொரு வகையை ஓட்ட இயலாது. ஒருவர் நோயுற்றால் மாற்றாள் தேடுவதே பெரும்பாடு. எனவே, இக்காலத்து நிறுவனங்கள் வகைகளைக் குறைக்கவே விரும்புகின்றன.

அதைவிடக் கடினமானது காலக் கணிப்பு. ரப்பர்க் கன்று நட்டால் பால் வெட்ட ஐந்தாறு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அப்போது ரப்பர் விலை என்னவாக இருக்கும் என்று நடும் நாளில் யாருக்கும் தெரியாது. விமானத்திற்கு முன்பதிவு செய்வதும் அத்தகையதே. மாஸ் 2003ஆம் ஆண்டில் ஆறு ஏர்பஸ் ஏ380 விமானங்களுக்கு முன்பதிவு செய்தது. ஈரடுக்கு கொண்ட, உலகின் மிகப்பெரிய பயணியர் விமானம் அது. தயாரிப்பில் தாமதம் ஏற்பட்டதால் முதல் விமானம் 2012இல்தான் வந்து சேர்ந்தது. ஒன்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. அந்த இடைவெளியில் உலகம் மாறிவிட்டது. எண்ணெய் விலை ஏறியது. நான்கு இயந்திரங்கள் செய்யும் வேலையை இரண்டே இயந்திரங்களால் செய்யும் விமானங்கள் வந்தன. பயணிகளும் பெரிய விமான நிலையத்தில் இறங்கி மாறிச் செல்வதைவிட, நேரே தம் ஊருக்குப் போவதையே விரும்பினர்.

மாஸின் ஏ380இல் 494 இருக்கைகள். விடுமுறைக் காலத்தில் அவை நிறையும். மற்ற மாதங்களில் நிறைப்பது கடினம். பாதி காலியாகப் பறந்தாலும் நான்கு இயந்திரங்களும் எண்ணெய் குடிக்கவே செய்யும். 2018இல் லண்டன் தடத்திற்கு ஏ350 வந்தது. அதில் 286 இருக்கைகளே உள்ளன. மிகப் பெரிய விமானத்திற்குப் பதிலாகச் சிறியதைக் கொண்டுவந்தது பின்னடைவு போலத் தோன்றலாம். ஆனால், நிறையும் விமானமே வருவாய் தரும். பெரிய விமானம் பெருமை தரும், அவ்வளவே. ஏ380 பின்னர் புனித யாத்திரை செல்வோரை ஏற்றிச் செல்லும் பணிக்குப் பயன்பட்டது. இந்தத் தவற்றைச் செய்தது மாஸ் மட்டுமன்று. உலகின் பல பெரிய நிறுவனங்களும் அவ்வாறே கணித்தன. ஏர்பஸ் நிறுவனமே 2021இல் கடைசி ஏ380ஐ ஒப்படைத்துவிட்டுத் தயாரிப்பை நிறுத்தியது. மொத்தம் 251 விமானங்களே நிறுவனங்களுக்கு வழங்கப்பட்டன. அவற்றுள் ஏறத்தாழ பாதியை வாங்கியது துபாயின் எமிரேட்ஸ்.

விமான அணியின் கதை வெறும் இயந்திரக் கதையன்று. 2014ஆம் ஆண்டு மலேசியருக்கு மறக்க இயலாத ஆண்டு. மார்ச் 8ஆம் நாள் எம்எச்370 விமானம் காணாமற்போனது. ஜூலை 17ஆம் நாள் எம்எச்17 விமானம் உக்ரைன் வான்வெளியில் சுட்டு வீழ்த்தப்பட்டது. இரண்டும் போயிங் 777-200இஆர் வகையைச் சேர்ந்தவை. ஏற்கெனவே நட்டத்தில் இருந்த நிறுவனம் நிலைகுலைந்தது. அரசின் முதலீட்டு நிறுவனமான கசானா நேஷனல் அதை முழுமையாக ஏற்று மறுசீரமைத்தது. சுமார் 6,000 பணியாளர்கள் வேலை இழந்தனர். 2015 செப்டம்பரில் மலேசியா ஏர்லைன்ஸ் பெர்ஹாட் என்ற புதிய நிறுவனம் செயல்படத் தொடங்கியது. 777 வகை அணியிலிருந்தே நீங்கியது. ஒரு வகை விமானம் நீங்கும்போது, அதை ஓட்டவும் பழுதுபார்க்கவும் மட்டுமே பயிற்சி பெற்றவர்கள் வேறு வகைக்குப் பயில வேண்டும். இல்லையேல் வேறு வேலை தேட வேண்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், பால்மரம் போய்ச் செம்பனை வந்தபோதும் கெடாத் தோட்ட மக்கள் எதிர்கொண்ட நிலை இதிலிருந்து வெகுதொலைவில் இல்லை. மரம் சீவும் கைக்குக் குலை அறுக்கும் வேலை தானாக வந்துவிடுவதில்லை.

இன்றைய அணியில் மூன்று தலைமுறைகள் அருகருகே இருக்கின்றன. 2010 முதல் வந்த போயிங் 737-800 விமானங்கள் உள்நாட்டு, அண்டை நாட்டு வழித்தடங்களில் ஓடுகின்றன. 2023 நவம்பரில் முதல் 737 மேக்ஸ் 8 வந்து, மெல்ல அவற்றின் இடத்தைப் பெற்று வருகிறது. நெடுந்தொலைவுக்கு ஏ350 உண்டு. பழைய ஏ330 விமானங்களுக்குப் பதிலாக ஏ330நியோ என்னும் புதிய வகை 2024இன் இறுதியில் வரத் தொடங்கியது. இதற்கான ஒப்பந்தம் 2022இல் செய்யப்பட்டது. அப்போதே ஏ380 விமானங்களை ஏர்பஸிடம் திருப்பி அளிக்கவும் வழி செய்யப்பட்டது. பழைய பொருளைக் கொடுத்துப் புதியது வாங்குவது போன்ற ஏற்பாடு அது. 2025 மார்ச்சில் மேலும் 30 போயிங் 737 மேக்ஸ் விமானங்களுக்கு முன்பதிவு செய்யப்பட்டுள்ளது. எல்லாம் சொந்த விமானங்கள் என்று எண்ணிவிடலாகாது. பெரும்பாலானவை குத்தகை நிறுவனங்களிடமிருந்து மாத வாடகைக்கு எடுக்கப்பட்டவை. குத்தகை முடிந்ததும் திருப்பி அளித்துவிடலாம் என்பதால், பத்தாண்டுகளுக்கு அப்பால் நடக்கப்போவதைக் கணிக்கும் சுமை ஓரளவு குறைகிறது.

சிறு விமானங்களும் தம் வழியில் மாறின. ஃபோக்கர் எஃப்27இன் இடத்திற்கு ஃபோக்கர் 50 வந்தது. 2007இல் பினாங்கைத் தளமாகக் கொண்டு ஃபயர்ஃபிளை நிறுவனம் தொடங்கப்பட்டபோது அதே ஃபோக்கர் 50 விமானங்களே அதற்குக் கைகொடுத்தன; பின்னர் 72 இருக்கைகள் கொண்ட ஏடிஆர் விமானங்கள் வந்தன. சுபாங்கிலிருந்து அலோர் ஸ்டாருக்கு வருவோர் இன்றும் சுழலிவிசிறி விமானத்தில் வரலாம். குறுந்தொலைவில் ஜெட் விமானத்தின் வேகத்தால் மிஞ்சும் நேரம் சில நிமிடங்களே, செலவோ அதிகம். பழைமை என்று எண்ணப்படும் விசிறி இன்னும் நீங்காதிருப்பதற்கு இதுவே காரணம்.

அணியிலிருந்து நீங்கும் விமானங்கள் என்னவாகின்றன? சில, வேறு நாட்டு நிறுவனங்களுக்குச் செல்கின்றன. சிலவற்றில் இருக்கைகள் அகற்றப்பட்டுப் பக்கவாட்டில் பெரிய கதவு பொருத்தப்படும். அவை சரக்கு விமானங்களாகப் பல ஆண்டுகள் உழைக்கும். மற்றவை ஈரப்பதம் குறைந்த வறண்ட நிலங்களில் நிறுத்தி வைக்கப்பட்டுப் பகுதி பகுதியாகப் பிரிக்கப்படுகின்றன. அவற்றுள் விலைமதிப்பு மிக்கவை இயந்திரங்கள். அவை வேறொரு விமானத்தில் மீண்டும் பறக்கின்றன.

புதிய விமானங்களின் பிறப்பிலும் கெடாவுக்குப் பங்கு உண்டு. தாய்லாந்து எல்லையை ஒட்டிய புக்கிட் காயு ஹீத்தாமில், விமானங்களுக்கான கலவைப் பொருள் பாகங்களைச் செய்யும் தொழிற்சாலை ஒன்று இயங்குகிறது. போயிங், ஹெக்சல் ஆகிய இரு அமெரிக்க நிறுவனங்களின் கூட்டு முயற்சியாக இருந்த அது, 2021 முதல் முழுமையாகப் போயிங்கின் உடைமை. இறக்கையின் முன்விளிம்பிலும் பின்விளிம்பிலும் பொருத்தும் தகடுகளைக் கெடாத் தொழிலாளர்கள் அங்கே உருவாக்குகின்றனர். 737 விமானத்திற்கான பாகங்களும் அவற்றுள் அடங்கும். அவை கப்பலேறி அமெரிக்கா சென்று, விமானத்தில் பொருத்தப்பட்டு, உலகின் பல நிறுவனங்களின் பெயரில் வானில் ஏறுகின்றன.